டீத்தூளை நாக்கால் வாங்குவோம்



கடைக்கு அரிசி மூட்டை வந்தால் குத்தூசி போட்டு நாலு மணி எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். மிளகாய் வற்றலைக் கிள்ளி மோந்து பார்க்கிறோம். வெல்லத்தை உடைத்து ஓரத்தைச் சுவைக்கிறோம். பெருங்காயத்தைத் தேய்த்து மணம் பிடிக்கிறோம். ஆனால் டீத்தூளை மட்டும் நம்மில் பலர் பார்வையாலும் விலையாலும்தான் வாங்குகிறோம். தூள் கறுப்பாக இருக்கிறதா, பளபளப்பாக இருக்கிறதா, கிலோ என்ன விலை, இவ்வளவுதான் கேள்வி. கொதிக்கும் தண்ணீரில் போட்டால் அது எப்படி இருக்கும் என்பது வாடிக்கையாளர் வீட்டு அடுப்படியில்தான் தெரிய வருகிறது.

மாதச் சாமான் சீட்டில் டீத்தூள் ஒரே ஒரு வரிதான். ஆனாலும் மற்றச் சரக்குகளைப் போல் இதை எண்ணக் கூடாது. பருப்பு கொஞ்சம் மட்டமாக இருந்தால் அது குழம்பில் கரைந்து மறைந்துவிடும். டீ மட்டமாக இருந்தால் மறுநாள் விடியற்காலையிலேயே வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அன்று முகம் சுளிக்கும் வாடிக்கையாளர் நம்மிடம் வந்து சண்டை போடுவதில்லை. அடுத்த மாதச் சீட்டை அப்படியே வேறு கடைக்குக் கொண்டுபோய்விடுகிறார். கால் கிலோ டீத்தூளோடு அரிசி, எண்ணெய், பருப்பு வியாபாரமும் போய்விடுகிறது.

பெரிய பாக்கெட் கம்பெனிகள் தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பதற்கென்றே ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கின்றன. ஒரே ருசி வருஷம் முழுவதும் வருவதற்கு அவர்கள்தான் காரணம். உதிரித் தூள் விற்கும் நமக்கு விளம்பரம் இல்லை, நம் நாக்குதான் இருக்கிறது. அதைப் பழக்கிக்கொள்ள நாளுக்குக் கால் மணி நேரம் போதும். மொத்த வியாபாரத்தில் நாங்கள் கடைப்பிடித்து வரும் முறையைச் சில்லறைக் கடைக்கும் பொருந்தும்படி இங்கே எழுதுகிறோம்.

எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பையின் மேல் பி.ஓ.பி., பி.எப்., ஓ.எப்., எஸ்.ஆர்.டி., எஸ்.எப்.டி. என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். இவற்றைத் தரத்தின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சலிக்கும்போது எந்தச் சல்லடையில் நின்றது என்பதைத்தான் இந்த எழுத்துகள் சொல்கின்றன. பி.ஓ.பி. என்றால் பெரிய குருணை, பி.எப். என்றால் அதைவிடப் பொடி, எஸ்.ஆர்.டி. என்கிற சூப்பர் ரெட் டஸ்ட், எஸ்.எப்.டி. என்கிற சூப்பர் பைன் டஸ்ட் இவையெல்லாம் தூள் வகை.

டஸ்ட் என்றதும் கூட்டி அள்ளிய குப்பை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அதுவும் தவறு. நல்ல கொழுந்தை அரைத்த நல்ல தொழிற்சாலையின் டஸ்ட், மட்டமான இலையில் வந்த பி.ஓ.பி.யைவிடப் பல மடங்கு உயர்ந்தது. தூள் பொடியாக இருந்தால் டிகாஷன் சீக்கிரம் இறங்கும், நிறம் அதிகம் கிடைக்கும். அதனால்தான் தென்னாட்டு டீக்கடைகளில் டஸ்ட் ஓடுகிறது. குருணை மெல்ல இறங்கும், மணம் நிற்கும்.

ஆகவே எழுத்து உருவத்தைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. ஒரே எழுத்துப் போட்ட இரண்டு தோட்டத்துச் சரக்கின் விலை ஏலத்தில் வெகுவாக வேறுபடுவது இதனால்தான்.

மணம் எங்கிருந்து வருகிறது?

நம் பக்கம் ஓடுகிற தூளில் பெரும்பகுதி சி.டி.சி. முறையில் செய்தது. கொழுந்தைப் பல் வெட்டிய உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டுவது இந்த முறை. 1930களில் அஸ்ஸாமில் தொடங்கியது. இலையைத் திருகிச் செய்யும் பழைய முறைக்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். சி.டி.சி. தூளில் நிறமும் திடமும் கூடுதல், பாலுக்குத் தாங்கும். ஆர்த்தடாக்ஸில் மணம் நயமாக இருக்கும், பால் அதிகம் சேர்த்தால் அமுங்கிவிடும்.

ஊர் வாரியாகப் பார்த்தால் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று அஸ்ஸாம். பிரம்மபுத்திரா சமவெளியின் வெப்பத்திலும் மழையிலும் வளரும் பெரிய இலைச் செடி அது. அதன் டிகாஷன் தேன் நிறத்திலிருந்து செம்பு நிறம் வரை இருக்கும். வாயில் நிரம்பி நிற்கும். முக்கியமாக அதில் ஒரு தனி மணம் உண்டு. ஏலக்காரர்கள் அதை மால்ட்டி என்பார்கள். ஹார்லிக்ஸ் புட்டியைத் திறந்ததும் வருகிறதே, முளை கட்டிக் காய வைத்த பார்லியின் அந்த மணம்தான். இது வெறும் உவமை அல்ல. மால்ட்டுக்கு அந்த வாசனையைத் தரும் அதே பொருள்கள் சில, தேயிலையிலும் பக்குவம் செய்யும்போது உண்டாகின்றன. 

அஸ்ஸாமில் மே கடைசியிலும் ஜூனிலும் வரும் இரண்டாம் பறிப்பில் இந்த மணம் உச்சத்தில் இருக்கும். அதற்குப் பிறகு மழைக்காலத்தில் இலை நிறைய வரும், ருசி இறங்கும். குளிர்காலத்தில் செடி உறங்கும், பறிப்பு இல்லை.

மற்றொன்று நம் நீலகிரி. மலை உயரத்தில் வளர்வதால் பூ மணமும், நாக்கில் சுருக்கென்று பிடிக்கும் தன்மையும் இதன் சிறப்பு. அஸ்ஸாம் அளவுக்கு மால்ட் மணத்தை இதில் எதிர்பார்க்கக் கூடாது. நீலகிரியில் வருஷம் முழுவதும் பறிப்பு உண்டு. பனிக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வரும் சரக்கு மணத்தில் உயர்ந்தது. தென்மேற்குப் பருவமழையின்போது வருவது அளவில் அதிகம், மணத்தில் குறைவு. சிறு விவசாயிகளின் இலையை வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகள் அங்கே ஏராளம். இலை எப்படியோ தூளும் அப்படியே. 1963 முதல் குன்னூரில் ஏலம் நடந்து வருகிறது. கொச்சி ஏலம் 1947இல் தொடங்கியது. எல்லா ஏலங்களிலும் சாம்பிள் சுவைத்த பிறகுதான் விலை பேசுவார்கள்.

திடத்துக்கும் மால்ட் மணத்துக்கும் அஸ்ஸாம், சுருக்கென்ற பிடிப்புக்கும் மேல் மணத்துக்கும் நீலகிரி என்று இரண்டையும் கலந்து விற்கிற கடைகளுக்கு நிலையான வாடிக்கை உண்டு. ஆனால் எது எதைத் தருகிறது என்று தனித்தனியே சுவைத்துப் பார்க்காமல் கலப்பது குருட்டுக் கலவைதான்.

சுவைத்துப் பார்க்கும் முறை

இதற்குச் சர்வதேச விதியே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 3103 என்ற அந்த விதி 1980இல் வெளியானது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம், வெள்ளைப் பீங்கான் பாத்திரம், இதுதான் சாரம். டீ போடுவதற்கு ஆறு பக்கத்தில் விதி எழுதினார்களே என்று பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு 1999இல் இக்நோபல் என்ற கேலிப் பரிசுகூடக் கிடைத்தது. கேலி செய்தவர்கள் செய்யட்டும், சரக்கு வாங்குகிற நமக்கு அந்த விதி மிகவும் பயனுள்ளது.

நமக்கு வேண்டியவை: ஒரே மாதிரியான வெள்ளைப் பீங்கான் கப்புகள், மூட ஒரு தட்டு, ஒரு வடிகட்டி, ஒரு ஸ்பூன், ஒரு கடிகாரம், 0.1 கிராம் வரை காட்டும் சிறிய எலக்ட்ரானிக் தராசு. ஸ்பூன் கணக்கு வேண்டாம். குருணை ஒரு ஸ்பூன் ஒரு எடை, டஸ்ட் ஒரு ஸ்பூன் வேறு எடை. அளவு தவறினால் முடிவும் தவறும்.

ஒவ்வொரு கப்பிலும் 2.8 கிராம் தூள் போடுங்கள். அப்போதுதான் தளதளவென்று கொதித்த தண்ணீரை 140 மில்லி ஊற்றி மூடுங்கள். இறக்கி வைத்து ஆறிய தண்ணீரும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய தண்ணீரும் கூடாது. 6 நிமிடம் கழித்து வேறு வெள்ளைக் கிண்ணத்தில் வடித்துவிட்டு, வெந்த தூளை மூடியின் மேல் கவிழ்த்து வையுங்கள். பால், சர்க்கரை இப்போது வேண்டாம்.

ஒரு சாம்பிளைத் தனியாகச் சுவைத்தால் ஒன்றும் புரியாது. எப்போதும் இரண்டு மூன்றை வரிசையாக வையுங்கள். அவற்றில் ஒன்று நீங்கள் இப்போது விற்றுக்கொண்டிருக்கும் சரக்காக இருக்கட்டும். அதுதான் அளவுகோல். முடிந்தால் எந்தக் கிண்ணம் எந்தச் சாம்பிள் என்று தெரியாதபடி கடைப் பையனை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். விலை தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். வெற்றிலை பாக்கு போட்ட வாயோடும், காரமான டிபன் சாப்பிட்ட கையோடும் சுவைக்க உட்காரக் கூடாது.

நாலு இடத்தில் பார்க்க வேண்டும்

முதலாவது, காய்ந்த தூள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் குருணை ஒரே அளவாக இருக்க வேண்டும். நாரும் காம்பும் அதிகம் தெரிந்தால் முற்றிய இலை. கையில் இறுக்கிப் பிடித்து வாய்க் காற்றை ஊதி உடனே மோந்து பாருங்கள். காற்றின் வெப்பத்தில் மணம் எழும்பும். பூசணம், புகை, சாக்கு வாடை இங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, வெந்த தூள். வியாபாரிகள் பலர் இதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். புதுச் செம்புக் காசு போல் பளிச்சென்று இருந்தால் இலை சரியாகப் புளித்துப் பக்குவப்பட்டிருக்கிறது. பச்சை தட்டினால் பக்குவம் போதவில்லை, டிகாஷன் பச்சையாகக் கடுக்கும். கறுத்து மங்கினால் பக்குவம் மீறிவிட்டது, அல்லது காய்ச்சலில் கருகியிருக்கிறது.

மூன்றாவது, டிகாஷனின் நிறம். கறுப்பாக இருப்பது நல்ல டீ என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல டிகாஷன் ஆழமாக இருந்தாலும் தெளிவாக, உள்ளே விளக்கு வைத்தது போல் இருக்கும். கிண்ணத்தின் ஓரத்தில் பொன்னிற வளையம் தெரியும். பழுப்பாக, குளத்துத் தண்ணீர் போல் மங்கியிருந்தால் ருசியும் மங்கல்தான். நல்ல டிகாஷன் நன்றாக ஆறியதும் பால் ஊற்றியது போல் கலங்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சத்துள்ள டிகாஷனின் அடையாளம் அது. மட்டமான டிகாஷன் ஆறினாலும் அப்படியே கிடக்கும்.

நான்காவது, நாக்கு. கை பொறுக்கும் சூட்டில் ஸ்பூனில் எடுத்து, சத்தம் வரும்படி காற்றோடு உறிஞ்ச வேண்டும். வீட்டில் இப்படிக் குடித்தால் திட்டு விழும், ஆனால் ஏலக் கூடத்தில் எல்லோரும் இப்படித்தான் குடிப்பார்கள். காற்றோடு போனால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். வாயெல்லாம் சுழற்றித் துப்பிவிடுங்கள்.

அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாயில் நிரம்புகிறதா, தண்ணீராக ஓடுகிறதா? அது திடம். ஈறிலும் நாக்கின் ஓரத்திலும் சுருக்கென்று பிடித்து, பிறகு விட்டுவிடுகிறதா? அது உயிர்ப்பு. விடாமல் கடுத்துக்கொண்டே இருந்தால் அது குறை. துப்பிய பிறகு வாயில் என்ன மிஞ்சுகிறது? அஸ்ஸாம் என்றால் மால்ட்டின் இனிப்பு வாடை மிஞ்ச வேண்டும், நீலகிரி என்றால் லேசான பூ மணம் மிஞ்ச வேண்டும். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது வெறும் நிறம்.

மால்ட் மணத்தையும் கருகல் வாடையையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம். காய்ச்சும் அடுப்பில் சூடு மீறிய தூளும் ஒரு வறுத்த வாடை தரும். புதிதாகச் சுவைப்பவர் அதையே மால்ட் என்று எண்ணிவிடுவார். மால்ட் இனிப்பை நோக்கிப் போகும், கருகல் கசப்பை நோக்கிப் போகும். ஒரு வாரம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சுவைத்தால் பிறகு மறக்காது.

பாலும் தண்ணீரும்

நம் வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலோர் பால் டீ குடிப்பவர்கள். எனவே கடைசித் தேர்வு பாலோடுதான். ஒரே அளவு தூள், ஒரே அளவு தண்ணீர், ஒரே பால் வைத்துத் தனித்தனியே கொதிக்க வைத்து வடியுங்கள். முதலில் சர்க்கரை இல்லாமல் சுவையுங்கள். பாலில் உள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடும். ஆகவே வெறும் துவர்ப்பை மட்டுமே நம்பிய சரக்கு பாலில் விழுந்ததும் உப்புச்சப்பில்லாமல் போய்விடும். திடமும் மால்ட் மணமும் உள்ளது பாலை மீறி எழுந்து நிற்கும். நிறமும் சொல்லும்: நல்லது செம்பொன்னாக மாறும், மட்டமானது சாம்பல் பூத்த மாதிரி ஆகும்.

தண்ணீரும் முக்கியம். உப்பு மிகுந்த கடினத் தண்ணீரில் டீயின் நிறம் கறுத்து, உயிர்ப்பு மங்கி, மேலே ஆடை போல் ஒரு படலம் மிதக்கும். குன்னூரின் மெல்லிய தண்ணீரில் அருமையாக இருந்த சாம்பிள் நம் ஊர்ப் போர்வெல் தண்ணீரில் சோடை போவது இதனால்தான். இங்கிலாந்தில் லிப்டன் அந்தக் காலத்திலேயே ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற கலவை என்று விளம்பரம் செய்து விற்றார். நாமும் நம் தெரு மக்கள் எந்தத் தண்ணீரில் டீ போடுகிறார்களோ அதே தண்ணீரில்தான் சுவைக்க வேண்டும். கேன் தண்ணீரில் சுவைத்து வாங்கி, குழாய்த் தண்ணீர்க்காரருக்கு விற்றால் பொருந்தாது.

கிலோ விலையா, கப் விலையா?

டீக்கடைக்காரர்களுக்குச் சரக்குப் போடுபவர்கள் இந்தக் கணக்கை அவசியம் சொல்ல வேண்டும். உதாரணமாக, கிலோ 280 ரூபாய்த் தூளில் கப்புக்கு 2.5 கிராம் வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 400 கப், கப்புக்கு 70 காசு. கிலோ 330 ரூபாய்த் தூளில் 2 கிராமிலேயே அதே திடம் வந்தால் கிலோவுக்கு 500 கப், கப்புக்கு 66 காசு. விலை கூடியதுதான் மலிவு. இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். இரண்டு கிளாஸ் போட்டுக் கையில் கொடுத்தால் உடனே நம்புவார்கள்.

கலப்படமும் நம் பொறுப்பும்

நிறத்தைப் பார்த்து வாங்கும் பழக்கம்தான் கலப்படக்காரனுக்கு வாசல். ஒருமுறை வடித்த சக்கையைக் காய வைத்துச் சாயம் ஏற்றுவது, உளுந்துத் தொலிக்குச் சாயம் பூசிச் சேர்ப்பது போன்றவை நடக்கின்றன. சட்டப்படி தேயிலையில் எந்தச் செயற்கை நிறமும் சேர்க்கக் கூடாது.

வடிதாள் ஒன்றில் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சற்றுப் பொறுத்துத் தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் இருந்தால் தாளில் கறை நிற்கும். இரும்புத் துகளுக்குக் காந்தம் போதும். உருளைகள் தேய்வதால் மிகச் சிறிதளவு வரக்கூடும் என்பதால் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை விதி அனுமதிக்கிறது. காந்தத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தச் சரக்கே வேண்டாம். நாக்கும் காட்டிக் கொடுக்கும். நிறம் இவ்வளவு இருந்தும் வாயில் திடமும் இல்லை, மணமும் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். சாயத்தால் நிறத்தைத்தான் தர முடியும், ருசியைத் தர முடியாது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006 நம்மையும் கட்டுப்படுத்துகிறது. தரக்குறைவான பொருள் விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உடல்நலத்துக்குக் கேடு என்று நிரூபணமானால் சிறைத் தண்டனையும் உண்டு. வாங்கியபடியே விற்றேன் என்று சொல்லக் கையில் பில் வேண்டும். சரக்குப் போட்டவர் கொடுக்கும் பில்லையே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. பில் இல்லாமல் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவர், அந்தப் பத்து ரூபாய்க்கு நம் தலையில் வழக்கைக் கட்டிவிட்டுப் போகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

நல்ல சரக்கைக் கெடுக்க வேண்டாம்

தேயிலை, அக்கம்பக்கத்து வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். சோப்பு, ஊதுபத்தி, கற்பூரம், கருவாடு, பெருங்காயம் இவற்றின் அருகே வைக்கவே கூடாது. டீத்தூளில் சாம்பிராணி வாடை வருகிறது என்று எங்களிடம் புகார் சொன்ன ஒரு வாடிக்கைக் கடைக்குப் போய்ப் பார்த்தோம். மேல் தட்டில் ஊதுபத்திக் கட்டு, கீழ்த் தட்டில் திறந்த டீ டின். இடத்தை மாற்றினார், புகார் நின்றது.

தொழிற்சாலையில் காய்ச்சி இறக்கும்போது தூளில் ஈரம் சுமார் 3 சதவீதம் இருக்கும். இரட்டிப்பானால் உயிர்ப்பு போய்விடும், மேலும் ஏறினால் பூசணம் பிடிக்கும். ஆகவே தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். மழைக்காலத்தில் பையைத் திறந்தால் உடனே காற்றுப் புகாத டின்னில் கொட்டி மூடுங்கள். பழைய தூளின் மேல் புதுத் தூளைக் கொட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். சுவைத்த ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு நோட்டில் தேதி, தோட்டம் அல்லது தொழிற்சாலை, பையில் உள்ள எழுத்து, இன்வாய்ஸ் எண், விலை, பிறகு நிறம், திடம், உயிர்ப்பு, மணம் என்று நாலு வார்த்தை எழுதி வையுங்கள். வாங்கிய சாம்பிளில் 50 கிராமை மூடி வைத்து, மூட்டை வந்ததும் அதோடு ஒப்பிட்டுச் சுவையுங்கள். சாம்பிள் ஒன்று, சரக்கு ஒன்று என்று வந்தால் பணம் கொடுக்கும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒரு வருஷம் இப்படிச் செய்தால் எந்த மாதம் எந்த ஊர்ச் சரக்கு நன்றாக இருக்கும் என்பதற்கு உங்களுக்கென்று ஒரு பஞ்சாங்கமே கிடைத்துவிடும். கடையில் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துச் சுவைக்கச் சொல்லுங்கள். தராசு பிடிக்கக் கற்றுக்கொடுத்தது போல் இதையும் கற்றுக்கொடுப்பது நம் கடமை. அந்தக் கடையில் டீத்தூள் நன்றாக இருக்கும் என்று தெருவில் நாலு பேர் சொல்லிவிட்டால், மற்றச் சாமானுக்கும் அவர்கள் நம் கடைப் படி ஏறுவார்கள்.